எங்கள் கூலியை எங்கள் கைக்குக் கொடுங்கள்: பல நாணயக் கணக்கு நடத்தும் நிறுவனங்களுக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு திறந்த மடல்

டாலர், யூரோ, பவுண்டு என்று பல நாட்டுப் பணத்தை ஒரே கணக்கில் வாங்கித் தருகிற ஆன்லைன் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். யார் பேரையும் சொல்லி இதை எழுதவில்லை. என் கணக்கு இருப்பது உங்களில் ஒருவரிடம்தான், ஆனால் இதே கஷ்டத்தை வேறு வேறு கம்பெனியில் கணக்கு வைத்திருக்கிற நாலைந்து பேர் எங்கள் பக்கத்தில் சொல்லிக் கேட்டுவிட்டேன். அதனால் எல்லோரும் படியுங்கள்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். வீட்டில் பேசுவது தமிழ், ஆபீஸ்களில் மலையாளம், பஸ்ஸில் இரண்டும் கலந்து. இந்த இரண்டு பாஷையும் பிறந்ததிலிருந்து காதில் விழுந்ததுதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் தமிழிலும் மலையாளத்திலும் பதிவு செய்த பேச்சை அனுப்புவார்கள். அதைக் கேட்டு எழுத்தாக்கி, சில சமயம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் கொடுக்க வேண்டும். ஒரு நிமிட ஒலிப்பதிவுக்கு எண்பது சென்ட். வயசானவர்கள் பேசுகிற பதிவாக இருந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏழெட்டு நிமிடம் உட்கார வேண்டும். பின்னால் மிக்ஸி ஓடும், கோழி கத்தும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆடி மாசத்தில் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, புழுக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செய்கிற வேலை இது. அந்தக் கூலிதான் உங்கள் திரையில் டாலராகவும் யூரோவாகவும் நிற்கிறது.

பணம் உங்களிடம் வந்து சேருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜெர்மனியிலிருந்து அனுப்பினாலும் லண்டனிலிருந்து அனுப்பினாலும் அந்தந்த நாட்டுக்காரர் உள்ளூரில் ஒரு கணக்குக்குப் போடுகிற மாதிரி போட்டுவிடுகிறார், எனக்கு மெயில் வந்துவிடுகிறது. முன்னால் நாடு விட்டு நாடு வங்கிக்கு வங்கி பணம் அனுப்புகிற ஸ்விஃப்ட் வழியாக வாங்கியபோது 300 டாலர் புறப்பட்டு 282 வந்தது, நடுவில் இருந்த வங்கி எடுத்துக்கொண்டதாம், எந்த வங்கி என்று கடைசி வரைக்கும் யாரும் சொல்லவில்லை. ஸ்விஃப்டில் கட்டணத்தை அனுப்புகிறவரே முழுக்க ஏற்றுக்கொள்ளலாம், இரண்டு பேரும் பகிர்ந்துகொள்ளலாம், பெறுகிறவர் கணக்கிலேயே கழிக்கச் சொல்லலாம் என்று மூன்று வகை இருப்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்தத் தொல்லையிலிருந்து நீங்கள் எங்களைக் காப்பாற்றினீர்கள். அது நிஜம், அதற்கு நன்றியும் உண்டு.

தொல்லை எல்லாம் வெளியே எடுக்கும்போதுதான்.

2024 ஆனியில் மகளுக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. கணக்கில் 640 டாலர் இருந்தது. அன்றைக்குச் சந்தையில் ஒரு டாலர் 83 ரூபாய் 40 பைசா. அந்தக் கணக்குக்கு 53,376 ரூபாய் வர வேண்டும். உங்கள் திரையில் 'கட்டணம் இல்லை' என்று பச்சை எழுத்தில் இருந்தது. சரி என்று பட்டனை அழுத்தினேன். அழுத்தின பிறகு வந்த ரசீதில் ரேட் 81 ரூபாய் 75 பைசா, தொகை 52,320. வித்தியாசம் 1,056 ரூபாய். ரேட்டில் எடுத்துக்கொண்டாலும் அது கட்டணம்தானே? ஆயிரம் ரூபாய் எடுத்துக்கொள்வது உங்கள் நியாயமாக இருக்கலாம், சர்வர் வைத்திருக்கிறீர்கள், ஆள் வைத்திருக்கிறீர்கள். ஆனால் எடுப்பதை எடுக்கிறோம் என்று அழுத்துவதற்கு முன்னால் சொல்லிவிட்டு எடுங்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் நிலக்கடலை மூட்டைக்குக் கமிஷன் எடுக்கிறவர்கூட எடை போடுவதற்கு முன்னால் இத்தனை என்று வாயைத் திறந்து சொல்லிவிடுவார்.

அந்த 52,320 ரூபாயும் வரவில்லை. மூன்று நாள் 'செயல்பாட்டில்' என்று இருந்தது. நாலாம் நாள் 'பரிசீலனையில்'. ஒன்பதாம் நாள் பணம் திரும்பிப் போய் மறுபடியும் டாலராக உங்கள் கணக்கிலேயே உட்கார்ந்திருந்தது, ஆனால் இந்த முறை 616 டாலர் 25 சென்ட். ரூபாயாக மாற்றினதை மறுபடி டாலராக மாற்றும்போது 84 ரூபாய் 90 பைசா ரேட் போட்டிருக்கிறீர்கள். போகும்போது ஒரு ரேட், வரும்போது ஒரு ரேட். கிட்டத்தட்ட 24 டாலர், அரை மணி நேர ஒலிப்பதிவுக்கான கூலி, எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போகிற வேலை. நான் எந்தத் தப்பும் செய்யாமல், பணம் எங்கேயும் போய்ச் சேராமல், அது கரைந்துவிட்டது. ஃபீஸுக்குக் கடைசித் தேதி நிற்குமா? ஒன்றரைப் பவுன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன்.

ஏன் திரும்பியது என்று கேட்டு சாட்டில் எழுதினேன். 'பயனாளி பெயர் பொருந்தவில்லை' என்று ஒரு வரி.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் நீங்கள் எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஒழுங்காகப் பணம் கொடுக்க முடியாது.

எங்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. அப்பா பேரின் முதல் எழுத்து இனிஷியல், அப்புறம் என் பேர், அவ்வளவுதான். வங்கிப் பாஸ்புக்கில் அப்படித்தான் இருக்கிறது, ஒற்றை எழுத்தும் என் பேரும். ஆதாரில் இனிஷியலே இல்லை, வெறும் பேர். பான் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலைச் சுருக்கமாக எழுத விட மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள், அதனால் அங்கே அப்பாவின் முழுப் பேர் கடைசிப் பேராகப் போய் நிற்கிறது. உங்கள் படிவத்தில் முதல் பேர், கடைசிப் பேர் என்று இரண்டு பெட்டி. கடைசிப் பேர்ப் பெட்டியை வெறுமனே விட்டால் சிவப்புக் கோடு. ஒற்றை எழுத்துப் போட்டாலும் சிவப்புக் கோடு. வேறு வழியில்லாமல் பான் கார்டில் இருக்கிற மாதிரி போட்டேன். பாஸ்புக்கில் ஒரு பேர், உங்களிடம் ஒரு பேர். இரண்டும் நான்தான்.

இதோடு போனால் பரவாயில்லை. எல்லையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பழனிச்சாமி என்கிற பேரையே எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கோயம்புத்தூரில் படித்தவருடைய சர்டிபிகேட்டில் அது ஆங்கிலத்தில் பி, ஏ, எல் என்று ஆரம்பிக்கும். அதே மனுஷனுடைய கேரளத்து ரேஷன் கார்டில் பேர் மலையாளத்தில் இருக்கும், அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுகிற எழுத்தர் ழகரத்துக்கு இசட், எச் போட்டுவிடுவார். கொழிஞ்சாம்பாறைக்கு அப்படித்தானே போடுகிறோம், அவர் மேல் தப்பில்லை. கடைசியில் 'சாமி' என்பது ஒரு இடத்தில் சாமியாகவும் ஒரு இடத்தில் ஸ்வாமியாகவும் மாறும். ஒரு ஆள், ஒரு கையெழுத்து, மூன்று ஸ்பெல்லிங். உங்கள் கம்ப்யூட்டர் இதை மூன்று ஆள் என்று பார்க்கிறது.

நான் வங்கிக்கும் போனேன். அங்கே கவுண்டரில் இருந்த பொண்ணு பாஸ்புக்கையும் பான் கார்டையும் கண்ணாடி மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே பேனா மூடியை நகர்த்திப் பார்த்தது. "பேரு மாறியிருக்கு சேச்சி, பணம் வரும், ஆனா வெளிநாட்டுப் பணம்னு வந்தா மேல ஆபீஸ்ல நிறுத்துவாங்க" என்று எனக்காகத் தமிழில் சொன்னது. பாஸ்புக்கில் பேரை மாற்ற ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், இரண்டு வாரத்தில் மாறிவிட்டது. அதற்குப் பிறகு புதுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். முகவரிக்கு அத்தாட்சி கேட்டீர்கள், ரேஷன் கார்டை அனுப்பினேன். மலையாளத்தில் இருக்கிறது, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும் என்றீர்கள். மலையாளத்தை ஆங்கிலமாக்குவதற்குத்தான் எனக்கு உங்கள் கணக்குக்கே பணம் வருகிறது, ஆனால் என் மொழிபெயர்ப்பு செல்லாது, புரிகிறது, சொந்த ஆவணத்துக்கு நானே மொழிபெயர்க்கக் கூடாதுதான். நோட்டரிக்குப் பாலக்காடு போய், ஒரு நாள் வேலை போய், பணமும் செலவாகி, அதையும் அனுப்பினேன். அதற்குப் பதில் வரவே பதினோரு நாள். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை.

இப்போது நான் கேட்பது. வங்கிக் கணக்கைச் சேர்க்கும்போதே ஒரு ரூபாயைப் போட்டுப் பார்த்து, பேர் பொருந்துகிறதா இல்லையா என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இது முடியாத காரியம் இல்லை. இந்தியாவிலேயே நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக வங்கிக்கு வங்கி பணம் அனுப்புகிறவர் கணக்கு எண்ணைப் போட்டதும் பெறுகிறவர் பேரைக் காட்ட வேண்டும், 2025 ஏப்ரல் 1க்குள் எல்லா வங்கியும் அந்த வசதியைக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அறுநூறு டாலரை அனுப்பி ஒன்பது நாள் கழித்துக் கண்டுபிடிப்பதை முதல் நாளே கண்டுபிடிக்கலாம். கடைசிப் பேர் என்கிற பெட்டியைக் கட்டாயம் ஆக்காதீர்கள், அல்லது 'பாஸ்புக்கில் உள்ளபடி பேர்' என்று ஒரே பெட்டியாக வையுங்கள். தென்னிந்தியாவில் இனிஷியல் பரவலான வழக்கம், இது எங்கள் ஒரு தாலுகாவின் பிரச்சனை இல்லை.

அப்புறம் ஐஎஃப்எஸ்சி, அதாவது வங்கிக் கிளையைக் காட்டுகிற கோடு. பதினோரு எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ஓ என்கிற எழுத்து இல்லை. அதைத் தப்பாகப் போட்டால் உடனே சொல்கிற சின்ன வேலையைக்கூட உங்களில் சிலருடைய படிவம் செய்வதில்லை. கேரளத்தில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்பிஐயோடு சேர்ந்தது, 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் பேங்க் கனரா பேங்கோடு சேர்ந்தது, கோடு எல்லாம் மாறியது, ஆனால் பீரோவில் இருக்கிற பழைய பாஸ்புக் மாறவில்லை. பழைய கோடைப் பார்த்து எழுதுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கோடு இப்போது இல்லை என்று ஒரு வரி காட்டினால் போதும்.

திரும்பி வந்த பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அனுப்பின பணம் போய்ச் சேராமல் திரும்பினால், எந்த ரேட்டில் மாற்றினீர்களோ அதே ரேட்டில் திருப்பிப் போடுங்கள். 640 போனால் 640 வர வேண்டும். நடுவில் டாலர் ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம், அது உங்கள் தொழிலின் பாடு. யூரோவை ரூபாயாக்கும்போது சிலர் முதலில் டாலராக்கி அப்புறம் ரூபாயாக்குகிறீர்கள், இரண்டு இடத்திலும் ரேட்டில் கை வைக்கிறீர்கள். நேராக மாற்ற முடியாது என்றால் அதையாவது திரையில் எழுதுங்கள்.

பணம் உங்களிடம் நாள்கணக்காக நிற்பதே சரியா என்றும் யோசித்துப் பாருங்கள். இதில் இந்தியாவுக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. 2011 மார்ச் 1 முதல், உங்களை மாதிரியே ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற பேபால் நிறுவனம் இந்திய வாடிக்கையாளர்களின் பணத்தை ஏழு நாளுக்குள் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும், அந்தப் பணத்தை வைத்து வேறு எதுவும் வாங்கக் கூடாது என்று ஆனது. ரிசர்வ் வங்கி போட்ட விதி அது. ஒரு முறைக்கு 500 டாலர் வரைக்கும்தான் என்று அப்போது இருந்த வரம்பு, அதே 2011இல் 3,000 ஆகி, 2013இல் 10,000 ஆனது. 2023 அக்டோபர் 31 அன்று ஏற்றுமதி, இறக்குமதிக்கான பணத்தை ஆன்லைனில் எல்லை தாண்டி வாங்கித் தருகிற நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் நேரடிக் கண்காணிப்பில் வர வேண்டும் என்று புதுச் சுற்றறிக்கை வந்தது. இத்தனை வருஷமாக இந்த விதிகளின் நோக்கம் ஒன்றுதான்: சம்பாதித்தவன் கைக்கு, அவன் ஊர் வங்கிக்கு, பணம் சீக்கிரம் வந்து சேர வேண்டும். பெயரில் ஒரு எழுத்துக்காக என் பணம் 41 நாள் உங்களிடம் இருந்தது.

இன்னொரு விஷயம், காகிதம். பணம் வந்தால் மட்டும் போதாது, அது வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த கூலி என்பதற்கு ஒரு அத்தாட்சி வேண்டும். எஃப்ஐஆர்சி, எஃப்ஐஆர்ஏ என்று சொல்வார்கள். வருமான வரிக்குக் கணக்கு எழுதுகிறவர் கேட்கிறார், ஜிஎஸ்டி எடுத்தவர்களுக்கு ஏற்றுமதி என்று காட்ட அது கட்டாயம் வேண்டும். உங்களில் சிலர் ரூபாயாக மாற்றி உள்ளூர் நெஃப்ட் மாதிரி அனுப்பிவிடுகிறீர்கள். பாஸ்புக்கில் ஏதோ ஒரு கம்பெனி பேரில் ஒரு தொகை விழுகிறது, வங்கியில் கேட்டால் இது உள்ளூர்ப் பணம், எங்களால் கொடுக்க முடியாது என்கிறார்கள், உங்களிடம் கேட்டால் காசு கட்டி வாங்கிக்கொள் என்கிறீர்கள். ஒவ்வொரு வரவுக்கும் அது தானாக வர வேண்டும். பணம் எந்த வேலைக்கு வந்தது என்று காட்டுகிற பர்பஸ் கோடு என்று ஒன்று கேட்கிறீர்கள், அதில் மென்பொருள் ஆலோசனைக்கு பி0802 என்று இருக்கிறது, பேச்சை எழுத்தாக்குகிறவள் எதைத் தேர்ந்தெடுப்பது? முப்பது வரி ஆங்கிலப் பட்டியலை இறக்கிவிட்டு ஒன்றைத் தொடு என்றால், தெரியாமல் எல்லோரும் முதலில் இருப்பதைத் தொடுகிறார்கள். மாற்றுகிற தொகைக்கு ஜிஎஸ்டி உண்டு என்பதையும் எழுதுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்றை, குறைந்தது 250 ரூபாயை, சேவையின் மதிப்பு என்று வைத்து அதன் மேல் 18 சதவீதம். என் 52,320க்கு வங்கியே மாற்றினால் 94 ரூபாய் சொச்சம். இது பெரிய தொகை இல்லை, ஆனால் சொல்லாமல் குறைந்தால் 94 ரூபாய்க்கும் மனசு அடித்துக்கொள்ளும்.

நேரான வழி இப்படி அடைபட்டுக் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்க்கிறேன். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன், 3டி மாடல் செய்து விற்கிறவன், டெலிகிராமில் வந்த ஒரு ஆளிடம் டாலரை மாற்றிக் கொடுத்தான். நூற்றுக்கு மூன்று கமிஷன், பத்து நிமிடத்தில் ரூபாய். இரண்டு முறை நன்றாக வந்தது. மூன்றாம் முறை வந்த பணம் வேறு எங்கேயோ யாரிடமோ ஏமாற்றிப் பிடுங்கின பணமாம், ஏமாந்தவர் சைபர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார், தம்பியின் கணக்கை வங்கி முடக்கிவிட்டது. அதில்தான் அவன் அம்மாவின் பென்ஷனும் வருகிறது. "அக்கா, நான் என்ன தப்பு பண்ணினேன்" என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டான். அவனுக்கு நான் சொல்லக்கூடிய பதில், கம்பெனி வழியாகவே எடுத்திருக்கலாமே என்பது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் பணமே அப்போது வராமல் கிடந்தது. இன்னும் சிலர் கோயம்புத்தூரில் இருக்கிற மச்சான் கணக்கு, பொள்ளாச்சியில் இருக்கிற சித்தப்பா மகன் கணக்கு என்று கொடுக்கிறார்கள், அங்கே பேர் ஸ்பெல்லிங் சரியாக இருக்கிறதாம். அடுத்தவர் கணக்கில் வருமானத்தை வாங்குவது ஆபத்து என்று சொல்லிப் பார்த்தேன்.

புகார் எங்கே கொடுப்பது என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும். வங்கி என்றால் வழி தெரியும்: முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடு, முப்பது நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போ, 2021 நவம்பர் 12 முதல் இந்தியா முழுக்க ஒரே திட்டம், 14448க்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள், கட்டணம் கிடையாது. ஆனால் அது ரிசர்வ் வங்கியின் கீழே இருக்கிற நிறுவனங்களுக்குத்தான். உங்களில் யார் அதன் கீழே வருகிறீர்கள், யார் வேறு நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே ஒரு வங்கியோடு சேர்ந்து நடத்துகிறீர்கள் என்பது உங்கள் விதிமுறைகளின் நாற்பதாவது பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது. அதைப் பணம் எடுக்கிற பட்டனுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்: உன் பணத்தை ரூபாயாக்கி அனுப்புவது இந்த வங்கி, தகராறு வந்தால் நீ போக வேண்டிய இடம் இது.

பாஷையையும் கேட்டுவிடுகிறேன். அரசாங்கத்துக்குக் குறையைச் சொல்வதென்றால் நாட்டிலோ மாநிலத்திலோ வழங்குகிற எந்த மொழியிலும் எழுதலாம் என்று அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவு சொல்கிறது. கேரளத்து ஆட்சிமொழிச் சட்டத்திலும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் எழுத இடம் உண்டு. நீங்கள் அரசாங்கம் இல்லை, அந்தச் சட்டம் உங்களைக் கட்டாது. ஆனால் தமிழில் விளம்பரம் செய்கிறீர்கள், 'வீட்டிலிருந்தே டாலரில் சம்பாதியுங்கள்' என்று என் போனில் தமிழில்தான் வந்தது. கணக்கு ஆரம்பிக்கத் தமிழ் இருக்கும்போது பணம் திரும்பினதற்கான காரணத்தைச் சொல்லவும் தமிழ் இருக்க வேண்டும். எனக்கு ஆங்கிலம் சமாளிக்க முடியும். எம்ப்ராய்டரி டிசைன் விற்கிற எங்கள் அத்தை மகளுக்கு முடியாது, அவள் ஒவ்வொரு மெயிலையும் எனக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறாள், நான் ராத்திரி வேலை முடித்துவிட்டு அவளுக்குப் படித்துச் சொல்கிறேன்.

என் பணம் கடைசியில் 41ஆம் நாள் வந்தது, 616 டாலர் 25 சென்டுக்கான ரூபாய். சங்கிலியை மீட்டுவிட்டேன், வட்டியைக் கையிலிருந்து கட்டினேன். குறைந்த 23 டாலர் 75 சென்டைக் கேட்டு நான் போட்ட புகார் டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கிறது. நோட்டரி ரசீது, பாஸ்புக்கின் பழைய பக்கம், புதுப் பக்கம், இரண்டு ரேட்டும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அதில் இணைத்திருக்கிறேன். இந்த மடலையும் அதில் சேர்க்கிறேன், ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் நானே மொழிபெயர்த்து. மூன்றில் எந்த மொழியில் பதில் போட்டாலும் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகாவிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி